சாயப்பட்டறையில் காற்று வால்வு: எட்டு மாத அனுபவம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பராமரிப்பு வேலை எனக்கு. தண்ணீர் லைனில் இருந்த கரண்டில் ஓடும் பால் (ball) வால்வுகள் நான்கையும் கழற்றிவிட்டு, கோவையில் வாங்கிய நியூமேட்டிக், அதாவது காற்றழுத்தத்தில் ஓடும், வால்வுகளைப் போட்டு எட்டு மாதம் ஆகிறது.

இரண்டிலும் வால்வு ஒன்றுதான்: நடுவில் ஓட்டை போட்ட உருண்டை, 90 டிகிரி திரும்பினால் திறக்கும். திருப்புகிற கைதான் வேறு. பழையதில் சின்ன மோட்டாரும் கியரும். முழுசாகத் திறக்க 20 விநாடி. புதியதில் காற்று பிஸ்டனைத் தள்ள, பிஸ்டனின் பல் நடுத்தண்டைத் திருப்புகிறது. ஒரே விநாடி. அடைக்கிற வேகத்தில் முதல் வாரம் பைப்பே அதிர்ந்தது. காற்று வெளியேறும் துளையில் வேகம் குறைக்கும் திருகு வைத்தபின் சரி.

எனக்குப் பிடித்தது ஸ்பிரிங். கரண்ட் போனால், காற்றைத் திறந்து மூடும் சின்ன மின்காந்த வால்வான சோலினாய்டு காற்றை வெளியே விட்டுவிடும், ஸ்பிரிங் தானாக வால்வை அடைத்துவிடும். பழையது பாதியில் நின்று, தொட்டி வழிந்து, ராத்திரி இரண்டு மணிக்கு "அண்ணா, சீக்கிரம் வாங்க" என்று போன் வரும். சுத்திகரித்துத் திருப்பி எடுக்கிற தண்ணீருங்க அது, லிட்டருக்கு லிட்டர் காசு. நீராவியில் மோட்டார் கருகியதும் இரண்டு முறை.

குறை? கம்ப்ரசர் காற்றில் வரும் ஈரம். வடிகட்டியில் தேங்குவதைத் தினமும் திறந்துவிடாவிட்டால் சோலினாய்டு சிக்கிக்கொள்ளும். லைன் கசிந்தால் கரண்ட் பில்லும் ஏறும். கம்ப்ரசர் இல்லாத தோட்டத்துக்காரர் இதைத் தொடவே வேண்டாம். மச்சான் பொள்ளாச்சித் தோப்பில் கரண்ட் வால்வுதான் போட்டிருக்கிறார். தென்னைக்கு 20 விநாடி ஒரு பொருட்டா?