தட்டைக் கண்ணாடியா, டோம் கண்ணாடியா?

மும்பைக் கடல் கலங்கல். அதனால் நீருக்கடியில் முப்பரிமாணப் படமெடுக்கும் எங்கள் சோதனையெல்லாம் செம்பூரில் ஒரு நீச்சல் குளத்தில்தான். இரண்டு சிறிய கேமராக்கள், ஒரே நீர்புகாப் பெட்டி. முன்னால் தட்டைக் கண்ணாடியா, அரைக்கோளமாக வளைந்த டோமா என்பதில்தான் மாட்டுங்கா நண்பருக்கும் எனக்கும் ஓயாத வாக்குவாதம்.

தட்டைக் கண்ணாடி மலிவு. ஒரே பலகைக்குப் பின்னால் இரு லென்சுகளையும் நம் கண்களைப் போலச் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் நெருக்கி வைக்கலாம். ஆனால் நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், காட்சிக் கோணம் சுருங்கும், ஓரங்களில் நிறம் பிரியும். இடது படத்தின் ஓரக் கோணல் வலது படத்தோடு பொருந்தாது. வளைந்துபோன குளத்து ஓடுகளை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் நேராக்கவே எனக்கு ஓர் இரவு போயிற்று.

டோம் காட்சிக் கோணத்தை அப்படியே காக்கும். ஆனால் 10 செ.மீ. ஆரமுள்ள டோமில், வெகுதொலைவில் இருப்பதும் கண்ணாடிக்கு ஓரடி முன்னால் இருப்பதாகவே லென்சுக்குத் தோன்றும். அவ்வளவு அருகே குவியாத லென்ஸ் வீண். இரண்டு டோம்கள் அமர இடமும் வேண்டும். இடைவெளி கூடினால், கைக்கெட்டும் தூரத்து மீன் பார்ப்பவர் கண்ணை வலிக்க வைத்துவிடும்.

ஒற்றைக் கேமராவுக்கு டோம்தான். முப்பரிமாணத்துக்கு, திட்டிக்கொண்டேயானாலும், நான் தட்டையின் பக்கம். எதை வாங்கினாலும், கேமராவை வைக்காமல் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் உள்ளே வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். போன மாதம் எங்களுக்கு நனைந்தது அந்தக் காகிதம் மட்டும்தான்.