தென்கரையா, ஸ்னைஃபெல்ஸ்னெஸா? ஐஸ்லாந்தில் தனி கைடுக்குக் கொடுக்கும் காசு எங்கே தகும்

தலைநகர் ரெய்க்யவிக்கில் தங்கி, ஒரே ஒரு நாளைத் தனி வண்டி, தனி கைடு என்று செலவழிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளுக்கு நடுவில்தான் குழம்புவார்கள். ஒன்று, கிழக்கே வீக் ஊர்வரை போகும் தென்கரை. இன்னொன்று, வடமேற்கே நீளும் ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பம். இரண்டிலும் எரிமலை உண்டு, கடல் உண்டு. தூரமும் ஒருவழிக்கு ஏறக்குறைய 190 கி.மீ.தான். ஆனால் தனி டூருக்கான பணம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பலன் தராது.

தென்கரையில் வழி தவறவே வழியில்லை. நாட்டைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையிலேயே போனால் 60 மீட்டர் உயர செல்யலாண்ட்ஸ்ஃபோஸ் அருவி, அடுத்து ஸ்கோகாஃபோஸ் அருவி, பிறகு ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரை என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். பலகை இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, கூடவே கூட்டமும் இருக்கிறது. பகிர்வு மினிபஸ்ஸில் போகிறவரும் இதே இடங்களைத்தான் பார்க்கிறார், கட்டணமோ பல மடங்கு குறைவு. நல்ல கைடு கூட இருந்தால் கூடுதலாகக் கிடைப்பது விளக்கம். அந்த இரண்டு அருவிகளும் விழும் பாறைச் சுவர்தான் பழைய கடற்கரை. கடல் பின்வாங்கி, இடையில் சமவெளி உருவாகிவிட்டது. 2010இல் ஐரோப்பிய விமானங்களை முடக்கிய எய்யஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை அந்தச் சுவருக்கு மேலேதான் பனிமூடிக் கிடக்கிறது. இதைச் சொல்ல ஆள் இருந்தால் சுவைதான். ஆனால் நாள் முழுக்க ஒரு வண்டியை அமர்த்தும் அளவுக்கு அது போதுமா என்பதுதான் என் சந்தேகம்.

ரெய்னிஸ்ஃபியாராவில் மட்டும் கூட ஒருவர் இருப்பது உண்மையிலேயே நல்லது. தெற்கே அண்டார்டிகா திசையில் அலையைத் தடுக்கப் பெரிய நிலமே இல்லை. சாதுவாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென ஓர் அலை மேலேறி ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. வாசலில் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கக் கூடாது. ஆனாலும் எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டு உருவான அங்குள்ள அறுகோணத் தூண்களில் ஏறிப் படமெடுக்கிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள்.

ஸ்னைஃபெல்ஸ்னெஸ் கதை வேறு. நடுவே முதுகெலும்பு போல மலைத்தொடர் ஓடுவதால், தெற்குப் பக்கம் மழை கொட்டும்போது வடக்கில் வெயில் அடிக்கலாம். காலையில் வானிலையைப் பார்த்து எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று முடிவெடுக்க பேருந்துக்கு வழியில்லை, தனி கைடுக்கு உண்டு. நின்று பார்க்க வேண்டிய இடங்களும் சின்னச் சின்னவை, நெருக்கமானவை: ஆர்னர்ஸ்டாபி ஊரிலிருந்து ஹெல்னர் ஊர் வரை எரிமலைப் பாறை வழியே சுமார் இரண்டரை கி.மீ. நடை, லோண்ட்ராங்கர் பாறைகள், கடைசியில் கிர்க்யுஃபெல் மலை. கைடு வண்டியை ஹெல்னரில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த நடையை ஒருவழியாக முடித்துக்கொள்ளலாம். சொந்தமாக ஓட்டி வந்தவர் அதே தூரம் திரும்பி நடக்க வேண்டும்.

அதே தீபகற்பத்தில் உள்ள ட்யூபாலோன்சாண்டுர் கடற்கரையில் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேளுங்கள். கரிய கூழாங்கற்களுக்கு நடுவே துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். 1948இல் உடைந்த பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பலுடையவை அவை. 14 பேர் இறந்தார்கள், ஐந்து பேரைக் காப்பாற்றினார்கள். பக்கத்திலேயே நான்கு கற்கள்: 154, 100, 54, 23 கிலோ. அந்தக் காலத்தில் மீன்பிடிப் படகில் வேலை வேண்டுமானால் குறைந்தது 54 கிலோ கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். நீங்களும் முயன்று பார்க்கலாம், முதுகு உங்களுடையது.

பருவத்தை மறந்துவிட்டு எதையும் பதிவு செய்யாதீர்கள். டிசம்பரில் பகல் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான். அதில் ஸ்னைஃபெல்ஸ்னெஸ் போனால் பாதி நாள் இருட்டில் கழியும். அப்போது தென்கரையே மேல், அதுவும் மினிபஸ்ஸில். குளிர்காலத்தில் வாடகைக் காரை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று கதவைப் பிடுங்கி எறிந்தால் பல காப்பீடுகள் கைவிரித்துவிடும். ஜூனிலோ இரவே கிட்டத்தட்ட இல்லை. அந்த மாதத்தில் தென்கரைக்கும் தனி டூர் தகும், ஒரு நிபந்தனையோடு: மதியம் மூன்று மணிக்கு மேல் கிளம்ப கைடு ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்துகள் திரும்பும் நேரத்தில் நீங்கள் போய்ச் சேருவீர்கள்.

ரெய்க்யனெஸ் தீபகற்பம் ரெய்க்யவிக்குக்குப் பக்கத்தில்தானே என்று சிலர் கேட்பார்கள். பக்கம்தான், அதனாலேயே அதற்கு அரை நாள் போதும். 2021 முதல் அங்கே அவ்வப்போது எரிமலை வெடித்து வருவதால் எந்தச் சாலை திறந்திருக்கும் என்பதை அன்றன்றுதான் பார்க்க வேண்டும்.

பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி: ஓட்டுநர்தான் கைடா, வேறு ஆள் வருகிறாரா? ஸ்னைஃபெல்ஸ்னெஸ் போவதானால், அங்குள்ள வாட்ன்ஸ்ஹெல்லிர் எரிமலைக் குகைக்கான கட்டணம் இதில் அடங்குமா? அந்தக் குகைக்குள் அங்குள்ள வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், நேரத்தையும் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும்.