நியூயார்க்ல வீகன் சாப்பாடு: எங்க போலாம், எங்க வேணாம்

நியூயார்க் போறேன்னு சொன்னாலே "அங்க போய் என்னத்த சாப்புடுவ"ன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. கிடைக்குதுங்க, தடுக்கி விழுந்தா வீகன் போர்டு மேலதான் விழணும், பிரச்சன அது இல்ல, அதுல எது சாப்பாடு எது வெறும் போர்டுன்னு கண்டுபிடிக்கிறதுதான். நான் வீகன், அதாவது கறி, மீன் மட்டும் இல்ல, பால், நெய், தயிர், முட்டை எதுவும் தொடாத ஆளு. கூட சுத்துன மச்சான் பக்கத்துல நியூஜெர்சி எடிசன்ல இருக்கான், சிக்கன் இல்லாத நாள்ல மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவான். அதனால ரெண்டு பேருக்கும் புடிச்சத மட்டும்தான் நல்லா இருக்குன்னு எழுதுறேன்.

மொதல்ல திட்டிடுறேன். மன்ஹாட்டன்ல ஒரு வீகன் பர்கர் கடை, பேரு வேணாம், இன்ஸ்டால பாத்தா வாய் ஊறும். பர்கர், ஃப்ரைஸ், ஒரு சோடா, 30 டாலர தாண்டிருச்சு. ரெண்டு கடி கடிச்சதுமே பேட்டின்னு உள்ள வெக்கிற அந்த வட மாவு மாதிரி உதுந்து போச்சு, மேல ஊத்துன சாஸ் மட்டும்தான் ருசி, சீஸ்னு ஒன்னு மேலண்ணத்துல போய் ஒட்டிக்கிச்சு. தட்ட நாமளே எடுத்துட்டு வந்து நாமளே கொண்டு போய் போடணும், ஆனா கவுண்டர்ல ஸ்க்ரீன திருப்பி 20, 22, 25 பர்சென்ட் டிப்ஸ்ல எதுன்னு கேக்குது. மச்சான் ஒன்னுமே பேசல, அது திட்டுறத விட மோசம்.

கறி மாதிரியே இருக்கணும்னு மெனக்கெடுற கடைங்கள்ல எனக்கு பெரும்பாலும் இதே கதைதான். அதே ஊர்ல விரதம், பத்தியம், கோயில்னு தலைமுறை தலைமுறையா பாலும் கறியும் இல்லாம சமைச்சு பழகுன சமையல் இருக்கு பாருங்க, அங்க போனா யாரும் எதையும் காப்பி அடிக்கிறதில்ல, சாப்பாடு சாப்பாடாவே இருக்கு. இத புடிச்சுக்கிட்டதும் ட்ரிப்பே மாறிருச்சு.

புரூக்ளின்ல புஷ்விக் ஏரியாவுல புன்னா கஃபேன்னு ஒரு எத்தியோப்பியன் கடை. மொத்த மெனுவும் வீகன். எத்தியோப்பியால ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்டியன்ஸ் புதன், வெள்ளி, அப்புறம் ஈஸ்டருக்கு முன்னாடி நீளமா ஒரு விரதம்னு வருஷத்துல பாதி நாள் கிட்ட கறி, பால், முட்டை எதுவும் தொட மாட்டாங்க, அதனால விரத சாப்பாடே தனியா ஒரு பெரிய சமையலா வளந்துருக்கு. இஞ்செரான்னு டெஃப் மாவுல புளிக்க வெச்சு சுடுற பெரிய ரொட்டி, நம்ம புளிச்ச மாவு ஆப்பத்த தாம்பாளம் சைஸுக்கு ஊத்துன மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கும். அத விரிச்சு அது மேலயே மிசிர் வொட்ங்கற காரமான மசூர் பருப்பு, ஷீரோன்னு கடல மாவு குழம்பு, கீரை எல்லாத்தையும் குவிச்சு குவிச்சு வெச்சு தர்றாங்க. கையாலதான் பிச்சு சாப்புடணும், அது நமக்கு சொல்லியா தரணும். கடைசியில குழம்பெல்லாம் ஊறிப்போன அடி இஞ்செராவுக்கு எனக்கும் மச்சானுக்கும் சண்ட. ரெண்டு பேருக்கு மேல போனா ஷேர் பண்ற பெரிய தட்டு வாங்குங்க, எல்லாத்தையும் டேஸ்ட் பண்ணிடலாம். சப்வேல எல் (L) ட்ரெயின் புடிச்சு மார்கன் அவென்யூ ஸ்டேஷன்ல எறங்கி நடந்துரலாம். ஒன்னு சொல்லணும், வேற எத்தியோப்பியன் கடைக்கு போனீங்கன்னா நிட்டர் கிப்பேன்னு மசாலா நெய் போடுவாங்க, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

அடுத்தது ஹங்காவி, மன்ஹாட்டன் 32வது ஸ்ட்ரீட், கொரியா டவுன். 1994ல இருந்து இருக்கு. செருப்ப கழட்டி வெச்சுட்டு உள்ள போகணும், தாழ்வான மேஜை, ஆனா கீழ பள்ளம் விட்டுருக்கறதால கால தொங்கப்போட்டு உக்காரலாம், மூட்டு வலிக்காரங்க பயப்பட வேணாம். கறி, மீன் எதுவுமே உள்ள வராது, ஆர்டர் பண்றப்ப வீகன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. மொறுமொறுன்னு பொரிச்ச காளான புளிப்பும் இனிப்புமா ஒரு சாஸ்ல பெரட்டி தர்றாங்க, மச்சான் இன்னொரு பிளேட் கேட்டான், நான் பில்ல நெனச்சு தடுத்துட்டேன். சூடான கல் சட்டியில வர்ற சோத்த உடனே கிளறிடாதீங்க, கொஞ்சம் விட்டா அடியில பொன்னிறமா தீயும், அதுதான் ருசியே. விலை ஜாஸ்திதான், மத்தியானம் போறது பர்சுக்கு நல்லது. அதே தெருவுல மத்த கொரியன் கடைங்கள்ல "வெஜிடபிள்தான்"னு தர்ற கிம்ச்சிங்கற கொரியன் ஊறுகாயில கூட மீன் சாஸோ உப்பு போட்ட எறாலோ இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

தோச இல்லாம எப்படி. வாஷிங்டன் ஸ்கொயர் பார்க் தெக்கு ஓரத்துல என்ஒய் டோசாஸ் தள்ளுவண்டி, யாழ்ப்பாணத்துக்காரர் திரு குமார் நடத்துறது, 2007ல நியூயார்க் தெரு சாப்பாட்டுக்கு குடுக்குற வெண்டி அவார்டு வாங்குனவர். வண்டியில எல்லாமே வீகன். நான் போனப்ப முன்னாடி பூரா யுனிவர்சிட்டி பசங்க கியூ, நகரவே இல்ல, ஏன்னா ஒவ்வொரு தோசையும் கேட்டப்புறம்தான் கல்லுல ஊத்துறார். பாண்டிச்சேரி தோசன்னு காரமா ஒன்னு இருக்கு, அதத்தான் வாங்குங்க. பார்க் பெஞ்ச்ல உக்காந்து சாம்பார ஊத்தி சாப்டதுல அந்த பர்கர் சோகம் போச்சு. தள்ளுவண்டிதானே, லீவு விட்டா விட்டதுதான், மாவு தீந்தாலும் அவ்ளோதான், அதனால கெளம்புறதுக்கு முன்னாடி கட இருக்கான்னு பாத்துக்கோங்க.

காலையில டிஃபனுக்கு பேகல், வளையம் மாதிரி இருக்கற ரொட்டி. நெறைய பேகல் கடையில டோஃபுங்கற சோயா பன்னீர்ல செஞ்ச க்ரீம் சீஸ் இருக்கும், இதுவும் வீகன் ஃபேஷன்ல வந்ததில்ல. யூதர்களோட கோஷர் முறையில கறியும் பாலும் சேர்த்து சாப்புடக்கூடாது, அதனால பால் இல்லாத பண்டங்களுக்கு அந்த ஊர்ல ரொம்ப காலமாவே கிராக்கி. பாக்கெட்ல பார்வேன்னு போட்டுருந்தா கறியும் இல்ல பாலும் இல்லன்னு அர்த்தம், ஆனா முட்டையும் மீனும் இருக்கலாம், அத மறந்துறாதீங்க. எக் பேகல்னு மஞ்சளா ஒன்னு இருக்கும், அத விட்டுட்டு ப்ளெய்னோ எள்ளு போட்டதோ கேளுங்க.

கறி மாதிரி செய்யற கடை தேறாதுங்கற என் தியரிக்கு ஒத்து வராத ஒரு கடையையும் சொல்லிடுறேன். ஈஸ்ட் வில்லேஜ்ல ஸ்பைசி மூன், முழுக்க வீகன், சீனாவோட சிச்சுவான் சமையல். டான் டான் நூடுல்ஸ், மாப்போ டோஃபு ரெண்டுமே பொதுவா பன்னி கறியோ மாட்டு கறியோ போட்டு செய்யறது, இங்க அதில்லாமயே சிச்சுவான் மிளகோட அந்த நாக்கு மரத்துப் போற விறுவிறுப்பு இருக்கு. மச்சானுக்கு மூக்குல தண்ணி, ஆனா பவுல கீழ வைக்கல.

நம்ம ஊர் பேரு வெச்ச ரெஸ்டாரண்ட்டுங்கதான் ஒரு வகையில ரொம்ப கஷ்டம். ஒரு எடத்துல நான் ரொட்டியில தயிர் இருக்கான்னு கேட்டதுக்கு "ப்யூர் வெஜ்தான் சார்"னு மூணு தடவ அதே பதில். உள்ள போய் கேட்டுட்டு வாங்கண்ணான்னு சொன்னப்புறம்தான் தயிரும் இருக்கு, மேல வெண்ணெயும் தடவுறோம்னு வந்துச்சு. தந்தூரி ரொட்டி, வெண்ணெய் போடாமன்னு கேக்குறது சேஃப்.

பெரிய கடைங்க? இலெவன் மேடிசன் பார்க்னு ஒரு ரெஸ்டாரண்ட், 2021ல கறியெல்லாம் தூக்கிட்டு செடி சாப்பாடு மட்டும்னு அறிவிச்சு, நல்ல ரெஸ்டாரண்ட்டுகளுக்கு குடுக்குற மிச்செலின் ஸ்டார் 3ஐயும் தக்க வெச்சு, 2025 அக்டோபர்ல திரும்ப கறிய கொண்டு வந்துட்டாங்க. செடி சாப்பாடு ஆரம்பிச்சப்ப ஆளுக்கு 335 டாலர். நான் போகல, அந்த காசுக்கு எத்தன இஞ்செரா.

காசுன்னதும், மெனுல போட்டுருக்கற விலைய நம்பி கணக்கு போடாதீங்க. டேக்ஸ் 8.875 பர்சென்ட் தனி, உக்காந்து சாப்புடுற கடையில டிப்ஸ் 18ல இருந்து 20. பில்லுல இருக்கற டேக்ஸ அப்படியே ரெண்டு மடங்காக்கி கொஞ்சம் சேத்து வெச்சா சரியா வந்துரும், அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் பண்றாங்க. குழாத்தண்ணி ஃப்ரீ, நல்லாவும் இருக்கும், டாப் வாட்டர்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா பாட்டில தொறந்து வெச்சு பில்லுல ஏத்திருவாங்க.