கந்தளாய்க் குளம்: பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஒரு பகல்

திருகோணமலையில் விடுமுறை நாளில் எங்கே போவது என்று பேச்செடுத்தால் நிலாவெளி, மாபிள் கடற்கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெயில் ஏறியபின் மணலில் நிற்க முடியாத முதியவர்களும் அலையைக் கண்டு அழும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டாருக்கு, நகரிலிருந்து கண்டி வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளம் இவற்றைவிடப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து. ஆனால் பூங்கா ஒன்றை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் மனதில் வைத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாமல், வயல்களுக்கு இன்றும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு குளத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியே அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்த இடத்தின் சிறப்பு குளக்கட்டுத்தான். ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட மண்ணணை அது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீரும், மறுபக்கம் தாழ்வாக ஊரும் வயலும் தெரியும். தண்ணீர் நம் வீட்டுக் கூரைக்கும் மேலே நிற்கிறது என்ற உண்மையைப் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். குளத்தைக் கட்டியவர் யார் என்று அவர்கள் கேட்டால் இரண்டு விடைகளையும் சொல்வது நல்லது. ஏழாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்றும், பின்னர் பராக்கிரமபாகு அதைத் திருத்தினான் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. திருகோணமலைக் கோணேசர் கோயிலின் வயல்களுக்காகக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டுவித்தான் என்பது நம்மூர் மரபு.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டின்மேல் மிகக் கனமான வாகனங்கள் ஓடியமை அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இன்று நாம் நடப்பது அதன்பின் மீளக் கட்டப்பட்ட அணை. கீழே கடை வைத்திருக்கும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த விடியற்காலையைப் பற்றித் தாமாகவே சொல்வார்கள். வளர்ந்த பிள்ளைகள் அதைக் கேட்கலாம். சின்னவர்களுக்குக் குளக்கட்டின்மேல் நடக்கும்போது அதைச் சொல்ல வேண்டாம்.

நிழல்தான் பெரிய குறை. கட்டின்மேல் காலை ஒன்பதரைக்குப் பின் நடப்பது தண்டனை. மர நிழல் உள்ள இடங்களோ விடுமுறை நாட்களில் விடியும்போதே பிடிபட்டுவிடுகின்றன. குப்பைத் தொட்டிகள் போதாது என்பதை நீரோரம் கிடக்கும் சோற்றுப் பொதித் தாள்களே காட்டுகின்றன. ஆகவே ஒரு வெறும் பையைக் கையோடு கொண்டு போங்கள். கழிப்பறைக்குக் கந்தளாய் நகரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளையே நம்ப வேண்டியிருந்தது. மூட்டுவலி உள்ளவர்களுக்குக் குளக்கட்டின்மேல் ஏறுவது சிரமம் என்பதால் வாகனம் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர் குளிக்கிறார்கள் என்பதற்காக நாமும் இறங்கிவிட முடியாது, ஏனெனில் அவர்களுக்கு ஆழம் தெரியும். குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் மதகான துருசுக்கு அருகில் மேலே அசைவில்லாமல் இருக்கும் தண்ணீர் அடியில் இழுக்கும். வான்கதவு திறந்திருக்கும் நாட்களில் கீழ்வாய்க்கால் பக்கமும் போகக்கூடாது. நான் போனபோது உயிர்காப்பாளர் எவரையும் காணவில்லை. பிள்ளைகளுக்குக் கரையோரம் கால் நனைத்தால் போதும். நீர்க்காகம் மூழ்கி எங்கே எழும்புகிறது என்று பந்தயம் கட்டுவதிலேயே அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் போய்விடும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. குளத்து மீன் பொரியலோடு சோறு நகரில் கிடைக்கும். வீதியோரக் கடைகளில் சட்டி சட்டியாக அடுக்கியிருக்கும் எருமைத் தயிருக்குக் கந்தளாய் பெயர் பெற்றது. மூடியிருக்கும் தாளை விலக்கிப் பார்த்து, தண்ணீர் விடாமல் கட்டியாக உறைந்த சட்டியைத் தெரிந்தெடுங்கள். வாகனம் குலுங்கினால் தயிர் உடைந்துவிடும் என்பதால் வீட்டுக்கு வாங்குவதைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கி வையுங்கள். பாணி கடைக்காரரிடமே கிடைக்கும், ஆனால் அது கலப்பில்லாத கித்துள்தானா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு முழு நாளைக் குளத்திலேயே கழிப்பதைவிட, விடியலில் வந்து கட்டில் நடந்து, வெயில் ஏறும்போது தம்பலகாமத்துக்குப் போவது நல்ல ஒழுங்கு. இந்தக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவேதான் ஆதி கோணேசர் கோயில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தபின் காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் அங்கே வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். காலையில் கட்டின்மேல் நின்று பார்த்த தண்ணீர் வாய்க்கால் வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பிள்ளைகள் அங்கே காணலாம்.

தை, மாசி மாதங்களே போவதற்கு ஏற்ற காலம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து குளமும் நிறைந்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றிக் கரை சேறாகிவிடுவதால் அப்போது பறவை பார்ப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதை நான் சொல்லமாட்டேன். கண்டி வீதி வழியே கொழும்பு, கண்டி செல்லும் பேருந்துகள் கந்தளாயில் நிற்கின்றன. இறங்கியபின் முச்சக்கரவண்டிக்குக் கூலியைப் பேசிவிட்டு ஏறுங்கள்.