வீடா, பகல்நேர நிலையமா, தாதிமை இல்லமா?

இரவு இரண்டரை மணி. அம்மா சேலை கட்டி, தலை சீவி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அப்பாவுக்கு ஹார்பர்ல முதல் ஷிப்டு. சோறு கட்டணும், கதவத் தொற." அப்பா இறந்து பதினொரு வருடமாகிறது. அம்மாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். பணிப்பெண் மியன்மார்க்காரர், நல்ல பிள்ளை. அவருக்குத் தெரிந்த தமிழே "அம்மா, தூங்கு" மட்டும்தான். மற்ற வழிகளை அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

சிங்கப்பூரில் முதியவர் இருக்கும் வீடு என்றால், அரசாங்கத்துக்குக் கட்டும் பணிப்பெண் தீர்வை மாதம் 300 வெள்ளி இல்லை, 60 வெள்ளிதான். அதனால் நம்மில் பலர் வேறு எதையும் யோசிப்பதில்லை. பகலில் வீட்டை மிஞ்ச எதுவும் கிடையாது: பழகிய அடுப்படி, சாமி மாடம், வசந்தம் டிவி தொடர். ராத்திரிதான் ஆளைக் கொல்லும். ஒரே ஆள் பகலும் இரவும் விழித்திருக்க முடியுமா? மூன்றாவது மாதம் பணிப்பெண் அழுதார், அப்புறம் என் மனைவி.

காப்புறுதி கைகொடுக்குமே என்பீர்கள். எல்டர்ஷீல்டானாலும் கேர்ஷீல்டு லைஃப் ஆனாலும், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற ஆறு அன்றாட வேலைகளில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்கே பணம். அம்மா தானே நடப்பார், தானே சாப்பிடுவார். தனியாக விடத்தான் முடியாது.

பகல்நேர நிலையம் பாதிப் பாரத்தைக் குறைத்தது. 1990இல் அல்ஸைமர்ஸ் சங்கமாகத் தொடங்கி இப்போது டிமென்ஷியா சிங்கப்பூர் ஆகியிருக்கும் அமைப்பு, இந்த நோய்க்கென்றே நியூ ஹொரைசன் நிலையங்களை நடத்துகிறது. அப்படிப்பட்ட நிலையம் ஒன்றுக்குப் போன நாளில் அம்மா களைத்துத் தூங்கினார். ஆனால் பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடுவது இந்த நோயின் குணம். வண்டி அவரை வீட்டில் இறக்கிவிடுவதும் அதே நேரத்தில்தான்.

சரி, தாதிமை இல்லம்? மானியப் படுக்கைக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகப் போக வேண்டும், குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் ஓர் இல்லத்தில் விட்டுப் பார்த்தோம். சுற்றிலும் படுத்த படுக்கையானவர்கள், நடுவே நடந்துகொண்டே இருக்கும் அம்மா. சாப்பாட்டுப் பதிவில் ஐந்து நாள் "மறுத்தார்" என்று எழுதியிருந்தது. கரண்டி கொடுத்திருக்கிறார்கள். கையைக் கழுவிவிட்டுத் தட்டை முன்னால் வைத்தேன், வழித்துச் சாப்பிட்டார். மலையாளத் தாதி ஒருவர் அன்பாக "வெள்ளம் வேணோ?" (தண்ணீர் வேண்டுமா?) என்றதும் அம்மா காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும்.

சிரிப்பாக இருந்தாலும் எனக்கு மொழிதான் முதல் கணக்கு. பின்னால் கற்ற மொழி பலருக்கு முன்னால் உதிரும். அம்மா ஐம்பது வருடம் பேசிய சந்தை மலாய் போய்விட்டது. தமிழர் வீடுகளில் முதலில் சொல்லும் பெயர் ஈசூன் ஸ்ரீ நாராயண மிஷன் இல்லம். பாசிர் ரிஸ்ஸில் 1999இல் திறந்த ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் மறதி நோயாளிகளுக்கென்றே கட்டியது. எந்த இல்லமானாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: ராத்திரி ஷிப்டில் தமிழ் தெரிந்தவர் உண்டா?

என் தீர்ப்பு இதுதான். இரவு தூங்கும்வரை வீடும் பகல்நேர நிலையமும் போதும். இரவு கெட்டால், மறதி நோய்க்கென்றே உள்ள இல்லம். பொதுவான தாதிமை இல்லம், நடமாட்டம் நின்ற பிறகு. எதுவானாலும் எல்பிஏ பத்திரத்தை, அதாவது தன்னால் முடியாமல் போகும்போது தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரத்தை, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு என்றால் நீதிமன்றம்தான்.

நாங்கள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். இரண்டரைக்கு அம்மா எழுந்தால் பணிப்பெண் இப்போது தூங்கச் சொல்வதில்லை, தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுக்கிறார். அம்மா திறந்து பார்த்து, மூடி, மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.