கொழும்பில் தேன்பெட்டி: மாடியா, வீட்டுத்தோட்டமா, இறப்பர் காணியா?

வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடி, தலங்கமப் பக்கம் ஒரு வீட்டுத்தோட்டம், பாதுக்கையில் ஓர் இறப்பர் காணி. தேனீ வளர்க்க ஆசைப்படும் கொழும்புக்காரருக்குக் கைக்கெட்டும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். நாம் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ. வெயிலோ பசியோ எறும்போ தொல்லை கொடுத்தால் பெட்டியை விட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும். அதனால் எங்கே தேன் அதிகம் என்பதை அப்புறம் பார்க்கலாம். எங்கே வருஷம் முழுக்கத் தங்கும் என்பதே முதல் கேள்வி.

மாடி வேண்டாம் என்றே சொல்வேன். புழுக்கள் வளரும் அடைக்கு 34, 35 பாகை வெப்பம் வேண்டும். கொதிக்கும் கொங்கிரீட்டின் மேல் அதைக் காப்பாற்றத் தண்ணீர் சுமந்தே வேலைக்காரத் தேனீக்கள் களைத்துவிடும். பக்கத்துத் தொடர்மாடியில் ஒரு பிள்ளைக்குக் கொட்டினால் அவர்கள் கோபப்படுவதும் நியாயம்தான்.

இறப்பரின் கவர்ச்சி பெரியது. ஜனவரியை ஒட்டி இலை உதிர்ந்து, பெப்ரவரி, மார்ச்சில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்புநீர் சுரக்கும். பூவில்லாமலே தேன்! ஆனால் அங்கே மகரந்தம் கிடைக்காது. அருகில் தென்னை இல்லையென்றால் புழு வளர்ப்பு சுருங்கும். துளிர் முற்றியதும் சுரப்பும் நின்றுவிடும், பின்னாலேயே மே மாத மழை வரும். அங்கேயே விட்டுவைத்தால் பட்டினிதான்.

வீட்டுத்தோட்டத்தில் தேன் குறைவு. ஆனாலும் வருஷம் முழுக்கப் பூக்கும் தென்னை, பலா நிழல், பக்கத்தில் தண்ணீர் எல்லாம் உண்டு. நிரந்தர இடம் இதுவே. பலமான கூடுகளை மட்டும் இறப்பர் துளிர்க்கும் காலத்துக்கு அனுப்பலாம். டெங்குப் புகை இங்கேயும் வரும். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைக் கேட்டு வைத்து, புகை அடிக்கும் நேரத்துக்கு வாசலை வலையால் அடைத்துப் பெட்டியை மூடிவிடுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

சரி, எதில் ஏற்றுவது? முச்சக்கரவண்டி மலிவு. ஆனால் குலுக்கலில் அடை முறியும், வாசல் திறந்துகொண்டால் சாரதிக்கே ஆபத்து. திறந்த சிறிய லொறிதான் என் தேர்வு. தேன் நிறைந்த அடைகளை முன்பே எடுத்துவிடுங்கள், பாரத்தில் அவைதான் முதலில் விழும். அடைகளைத் தாங்கும் மரச்சட்டங்களை ஆடாமல் இறுக்குங்கள். இருட்டி எல்லாம் கூடடைந்த பிறகு வாசலில் கம்பிவலை அடியுங்கள். துணி அடைத்தால் மூச்சுமுட்டிச் சாகும். சட்டங்கள் வண்டி ஓடும் திசைக்கு நேராக இருக்கட்டும். விடியுமுன் இறக்கி, தாங்குகால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, கொஞ்சம் அடங்கவிட்டு வாசலைத் திறவுங்கள்.

பெட்டி மூன்று கிலோமீட்டருக்கு மேல் போனால் தேனீக்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகா. அதே வளவுக்குள் மாற்றுவதானால் நாளுக்கு ஓரடிக்கு மேல் நகர்த்தாதீர்கள்.