மிதித்தால் நிற்கும் சத்தம்: 94,000 கி.மீ. ஓட்டிய பிறகு

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, உங்க வண்டி மாடல்லயே ஒண்ணு ராசிபுரத்துல விலைக்கு வந்திருக்கு. 2017. மூணு லட்சத்துக்குக் குடுப்பாங்க போல. வாங்கலாமா?"

நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். நாலு நாள் முன்புதான் என் வண்டியின் கியர் பாக்ஸ் நாமக்கல்லில் ஒரு சாக்கின்மேல் பிரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், கொஞ்சம் நியாயமாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அதனால் இது.

வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதே வண்டி வைத்திருக்கும் ஆயிரம் பேர் சண்டைக்கு வருவார்கள். சின்ன பெட்ரோல் கார், ஐந்து கியர், 2016-இல் சேலத்தில் புதிதாக எடுத்தது. மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் எழுதாதவர்கள் இல்லை. நான் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

86,000 கி.மீ. வாக்கில் ஆரம்பித்தது. மாலையில் சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது, கண்ணாடி இறக்கியிருந்தால், 'கொர்ர்ர்' என்று ஒரு முனகல். அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி. முதலில் பக்கத்து ஆட்டோ என்று நினைத்தேன். மனைவிதான் கண்டுபிடித்தாள்: "நீங்க கால வெச்சா நிக்குது, எடுத்தா வருது." கிளட்ச்சை மிதித்தேன், ஒரு விநாடியில் அடங்கியது. விட்டேன், மறுபடி கொர்ர்ர். அன்றிலிருந்து எட்டு மாதம் சிக்னலில் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்கு வண்டியை விட்டேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது எல்லா வண்டியிலயும் இருக்கும் சார், நார்மல் சவுண்டு" என்றார்கள். கோபம் வந்தாலும் இதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேனுவல் கியர் பாக்ஸில் எல்லா முன்கியர்களும் எப்போதும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டேதான் சுற்றும். நியூட்ரலில் சுமை இல்லாததால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில் எஞ்சினின் அதிர்வு விளையாடி 'கடகட' என்று லேசாகத் தட்டும். அதுவும் கிளட்ச்சை மிதித்தால் நிற்கும். அது கோளாறு இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டால் அந்தக் கடகடப்பு பெரும்பாலும் காணாமல் போய்விடும். என் வண்டியில் தொட்டால் முனகல் ஏறியது. அந்த வித்தியாசத்தைக் கேட்க அரை நிமிடம் போதும். அவர்களுக்கு அந்த அரை நிமிடம் இல்லை.

இன்னொன்று. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், தேய்ந்த பேரிங்கைக்கூட மூடி மறைத்துவிடும். நாற்பது நிமிடம் ஓடிச் சூடாகி ஆயில் இளகினால்தான் உண்மை வெளியே வரும். என் வண்டி காலையில் சாது, மாலையில் பேய். அவர்கள் பார்த்தது காலை வண்டி.

இரண்டாவது முறை மாலையில் கொண்டுபோய், மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வைத்தேன். "மிதிச்சா நிக்குது சார், அப்ப கிளட்ச்தான்" என்றார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், மொத்த செட்டும் மாற்றினார்கள். 11,400 ரூபாய். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஐந்து ரோடு சிக்னலில் நின்றேன். கொர்ர்ர்.

போன் செய்தால், "500 கிலோமீட்டர் ஓட்டுங்க சார், செட் ஆயிடும்." செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

நாமக்கல்லில் லாரி கியர் பாக்ஸ் வேலை செய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், உறவுக்காரர் ஒருவர் வழியாகப் பழக்கம். கார் தொடமாட்டார். கெஞ்சிக் கூட்டி வந்து கேட்க வைத்தேன். அவர் முதலில் கேட்டது, "டாப் கியர்ல போனா சத்தம் குறையுதா தம்பி?" லாரிக்காரர் கேள்வி அது. பழைய லாரிகளில் டாப் கியர் நேரடி. எஞ்சின் சக்தி லே ஷாஃப்ட் என்கிற துணைத் தண்டில் இறங்கி ஏறாமல் நேராகப் பின்னால் போய்விடும். டாப்பில் மட்டும் சத்தம் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். என் வண்டி முன் சக்கரத்தில் இழுப்பது, அதில் நேரடி கியரே கிடையாது. அவரே சிரித்துக்கொண்டு, "சரி, இது வேற சாமி" என்றார்.

பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை கியர் பாக்ஸ் உடம்பில் வைத்து, பிடியைக் காது எலும்பில் ஒட்டிக் குனிந்தார். ஆல்டர்னேட்டர் மேல் வைத்தார். ஏசியை அணைக்கச் சொன்னார், போடச் சொன்னார். என்னை கிளட்ச்சை மிதித்து மிதித்து விடச் சொன்னார். கடைசியில் நிமிர்ந்து சொன்னது இதுதான்: "மிதிச்சா நிக்குதுன்னா, மிதிச்சதும் எது சுத்தாம நிக்குதோ அதுலதான் கோளாறு."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 11,400 ரூபாய் கொடுத்திருப்பேன்.

கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சின் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, பிரஷர் பிளேட்டும் அதோடு சுற்றுகிறது. பிரஷர் பிளேட்டைத் தள்ளி கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்குக்கு அப்போதுதான் வேலையே. அதில் கோளாறு இருந்தால் மிதிக்கும்போது 'உய்ய்' என்று கத்தும், விட்டால் அடங்கும் அல்லது குறையும். என் வண்டியில் நேர் எதிர். மிதித்ததும் எஞ்சினோடு தொடர்பு அறுந்து நிற்பது கிளட்ச் பிளேட்டும், அது கோத்திருக்கும் ஷாஃப்ட்டும், நியூட்ரலில் அதோடு சுற்றிக்கொண்டிருந்த கியர்களும். ஆக, அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங். மேனேஜர் 'மிதித்தால் மாறுகிறது, அதனால் கிளட்ச்' என்று நினைத்தார். கால் வைக்கும் இடத்துக்கு மேல் அவர் யோசனை போகவில்லை.

ஆயிலை வடித்தார். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதான கியர் பாக்ஸின் இயல்பு. எனக்கு வந்தது மை இல்லை. விரலில் தேய்த்தால் உறுத்துகிற செதில். அதைவிடக் கொடுமை அளவு. ஏறத்தாழ இரண்டு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது.

இங்கே என் வாக்குமூலம். இரண்டு வருடமாகப் போர்ட்டிகோவில் வண்டிக்கு அடியில் ஒரு கறை இருந்தது. நான் மணல் போட்டேன். மாதம் ஒரு முறை மணலை மாற்றினேன். அது, சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் கியர் பாக்ஸை விட்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீலின் கசிவு. கியர்கள் கீழே இருக்கும் ஆயிலில் முங்கி மேலே வாரி இறைத்தால்தான் மேலே இருக்கும் அந்த ஷாஃப்ட்டின் பேரிங்குக்கு ஆயில் கிடைக்கும். மட்டம் இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் ஒருவரும் மட்டம் பார்க்கவில்லை என்பது உண்மை. மணல் போட்டவன் நான் என்பதும் உண்மை. வண்டி தயாரித்தவர்களைத் திட்ட இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இரண்டு பேரிங், சீல்கள், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். ஆயில் வாங்கப் போன கடையில் ஜிஎல்-5 என்ற தர வகை கியர் ஆயிலைக் கொடுத்தார்கள், "இது இன்னும் ஒசத்தி சார்" என்று. அண்ணன் திருப்பி அனுப்பினார். புத்தகத்தில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4தான். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையம் பித்தளை. கடும் அழுத்தத்துக்காக ஜிஎல்-5இல் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சரக்கு அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் பாவம். இந்த வண்டியின் கியர் லீவர் போல நான் தொட்டதில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டே ஏற வேண்டும். மலைப்பாதை முடிகிறபோது கை வலித்ததே இல்லை. முனகிய எட்டு மாதத்திலும் ஒரு கியர்கூடக் கரகரவென்று கடித்ததில்லை. ரிவர்ஸில் 'ங்ஙீ' என்று கத்தும், ஆனால் ரிவர்ஸ் கியரின் பல் நேராக வெட்டியது, சாய்வாக இல்லை, அதனால் கத்தத்தான் செய்யும். அதையும் கோளாறு என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

55,000-இல் ஒரு வீல் பேரிங் போனது. அதை நானே பிடித்தேன். நெடுஞ்சாலையில் 60-இல் போகும்போது 'ஊம்ம்' என்ற ரீங்காரம். நியூட்ரல் போட்டேன், குறையவில்லை. அப்போதே கியர் பாக்ஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. காலி ரோட்டில் லேசாக இடது பக்கம் ஒடித்தேன், ஏறியது. இடது ஒடித்தால் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். வலது முன் சக்கரம், முடிந்தது கதை. அந்தத் திமிரில்தான் இந்த முறையும் எனக்கே தெரியும் என்று எட்டு மாதம் இழுத்தேனோ என்னவோ.

இப்போது சிக்னலில் நின்றால் சத்தமே இல்லை. இரண்டு நாள் ரேடியோ போடாமல் ஓட்டினேன். டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப் டிக் டிக் என்கிறது, அது எப்போதிருந்து என்று தெரியவில்லை.

நேற்று மச்சினனைக் கூப்பிட்டேன். பார்க்கப் போனால் மாலையில் போ, சேலம் பக்கம் நாற்பது நிமிடம் ஓட்டு, ஏசி அணை, கண்ணாடி இறக்கு, நியூட்ரலில் கால் எடுத்துக் கேள், பிறகு மிதித்துக் கேள், வண்டி நின்ற தரையையும் பார் என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாமா, வாங்கலாமா வேண்டாமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். இந்த வண்டிக்குக் காது கொடுக்கிற ஒர்க்‌ஷாப் உனக்குச் சேலத்தில் கிடைக்காது, நிம்மதியாக வேறு எதையாவது வாங்கு என்றேன்.

"அப்ப உங்க வண்டியை எனக்குக் குடுத்துடுங்க, அதுலதான் பேரிங் புதுசாச்சே."

அதெப்படித் தருவேன்? அடுத்த மாதம் கொல்லிமலை போக வேண்டியிருக்கிறது.